எகிப்திலே ஓர் உறி!

“எகிப்து பாஷை படிக்கப் போறாளாம்! இந்தக் கூத்தை நீயே கேளு!”

நான் திண்ணையில் கால் வைத்ததும் வைக்காததுமாக அக்கா இப்படித்தான் என்னை வரவேற்றாள்.

அக்கா என்றால் என் பெரியம்மா மகள். வாழ்க்கைப்பட்ட ஊர் கூமாப்பட்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, ஆண்டாள் கோயில் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, பால்கோவா ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, வத்திராயிருப்புப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் மேற்கே மலை நம்மை நோக்கி நடந்து வருவது போல இருக்கும். பிளவக்கல் அணைத் தண்ணீர், தென்னந்தோப்பு, வயல்வெளி. 2025-ஆம் வருஷம் கைப்பேசிகளில் ஓடிய ஒரு சின்னஞ்சிறு படத்தினால் திடீரென்று தமிழ்நாடு முழுவதும் பிரசித்தமாகிவிட்ட அதே ஊர்தான்! நான் போனது மலையைப் பார்க்க அல்ல. “உன் மகளுக்கு நீ வந்து புத்தி சொல்லிட்டுப் போ” என்று அக்கா டெலிபோனில் உத்தரவு போட்டிருந்தாள்.

மகள் பி.ஏ. சரித்திரம் கடைசி வருஷம். அப்பா அவளை பி.எட். படிக்கச் சொல்கிறார். பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, காலாகாலத்தில் ஒரு கல்யாணம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மகளோ பழைய எழுத்துக்களைப் படிக்கும் வித்தையைக் கற்கவேண்டும், முடிந்தால் எகிப்து தேசத்து எழுத்தையும், ‘காப்டிக்’ என்ற மொழியையும் கற்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

“செத்துப் போன பாஷையைப் படிச்சு எந்தப் பிணத்தோட பேசப் போறா?” என்று கேட்டாள் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. பணம் செலவழிக்கும் தாய் தகப்பன் கேட்கத்தானே செய்வார்கள்?

அடுப்படியில் உட்கார்ந்து பதில் தேடினோம். அந்த அடுப்படி உத்தரத்தில் ஓர் உறி தொங்கிக்கொண்டிருந்தது. வெறும் உறிதான், தயிர்ப்பானை எப்போதோ இறங்கி, பக்கத்திலிருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்குள் புகுந்துவிட்டது. அந்த உறியை நேயர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது நமக்குத் தேவைப்படும்.

கறுப்பு மண் தேசம்

பழைய எகிப்தியர்கள் தங்கள் நாட்டை எகிப்து என்று சொல்லவில்லை. ‘கறுப்பு மண்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். நைல் நதி வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்து போட்ட கறுத்த வண்டல்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

நாலாயிரம் வருஷங்களுக்கு மேல் எழுத்தில் பதிந்திருக்கும் மொழி அது. ஆனால் எழுதிய விதம் மாறிக்கொண்டே வந்தது. கோயில் சுவர்களில் பறவையும் பாம்புமாகச் செதுக்கியது சித்திர எழுத்து. பிற்காலத்தில் கடிதம், கடன் பத்திரம், வரி ரசீது எல்லாம் வேகமாகக் கிறுக்க ஏற்பட்டது ‘டெமாட்டிக்’. ஜனங்களின் எழுத்து என்று அர்த்தம். கிறிஸ்தவ சமயம் பரவிய காலத்தில், அதே மொழியைக் கிரேக்க எழுத்துக்களால் எழுதத் தொடங்கினார்கள். கிரேக்கத்தில் இல்லாத ஓசைகளுக்கு டெமாட்டிக்கிலிருந்து சில எழுத்துக்களை எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அதுதான் காப்டிக்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சித்திர எழுத்திலும் டெமாட்டிக்கிலும் மெய்யெழுத்துத்தான் உண்டு. உயிர் ஓசையை எழுதும் வழக்கம் இல்லை. நாம் ‘க்’ என்றும் ‘ல்’ என்றும் மட்டும் எழுதி வைத்தால் என்ன ஆகும்? அது கல்லா, காலா, கோலா? எழுதினவருக்குத் தெரியும். அவர் போன பிறகு யாருக்குத் தெரியும்? காப்டிக்கில்தான் உயிர் ஓசைகளும் எழுத்தில் ஏறின. அதாவது, செத்த உடலுக்கு உயிரைக் காட்டிக்கொடுப்பது காப்டிக்.

ஏழாம் நூற்றாண்டில் அரபியர் ஆட்சி வந்தது. பிறகு மெல்ல மெல்ல வீட்டிலும் கடைத்தெருவிலும் அரபு மொழி குடியேறியது. சுமார் 17-ஆம் நூற்றாண்டுக்குள் காப்டிக் பேசும் வாய்கள் அநேகமாக ஓய்ந்துவிட்டன. ஆனாலும் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் தங்கள் தேவாலய வழிபாட்டில் அதை விடவில்லை. அர்த்தம் தெரிந்தவர்கள் குறைந்தாலும் ஓசை நின்றது. இன்றும் நிற்கிறது.

அண்ணன் வளர்த்த தம்பி

1799-இல் பிரெஞ்சுச் சிப்பாய்கள் எகிப்தில் ரோசெட்டா என்ற ஊரில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார்கள். மேலே சித்திர எழுத்து, நடுவே டெமாட்டிக், கீழே கிரேக்கம். கிரேக்கத்தைப் படிக்க ஆள் இருந்தது. மற்ற இரண்டும் மௌனம் சாதித்தன. சித்திர எழுத்துக்கள் ஓசையைக் குறிப்பவை அல்ல, ஏதோ ரகசிய தத்துவங்களைக் குறிப்பவை என்றே அநேகர் நினைத்திருந்தார்கள்.

பிரான்ஸில் பிஜாக் என்ற சிறிய ஊரில் 1790-இல் பிறந்த ஷாம்போலியனுக்கு மொழிப் பைத்தியம். அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அண்ணன் தம்பியைத் தன் பிள்ளையைப் போலப் படிக்க வைத்தான். பாரிஸில் வசித்த எகிப்தியப் பாதிரியார் ஒருவரிடம் தம்பி காப்டிக் உச்சரிப்பைக் கேட்டுப் பழகினான். தனக்குத் தானே காப்டிக்கில் பேசிக்கொள்வதாக அண்ணனுக்குக் கடிதம் எழுதினான். அந்தக் கடிதத்தைப் பார்த்தபோது அண்ணன் மனசு என்ன பாடு பட்டிருக்குமோ!

1822-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம். அபு சிம்பல் கோயிலிலிருந்து படியெடுத்து வந்த ஓர் அரசன் பெயர் ஷாம்போலியன் கைக்குக் கிடைத்தது. முதலில் ஒரு வட்டம், சூரியன். காப்டிக்கில் சூரியனுக்கு ‘ரே’ என்று பெயர். கடைசியில் இரண்டு ‘ஸ்’. அந்த எழுத்தை அவர் முன்பே அறிந்திருந்தார். நடுவில் ஒரு குறி. ரோசெட்டாக் கல்லில் பிறந்த நாளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அது வருகிறது. காப்டிக்கில் பிள்ளை பெறுவதற்கு ‘மிசே’ என்பார்கள். ரா... மெஸ்... ஸ்... ராம்செஸ்! சூரியன் பெற்ற பிள்ளை!

தேவாலயத்தில் பாட்டாக ஒலித்துக்கொண்டிருந்த இரண்டு சாதாரணச் சொற்கள். சூரியன், பிள்ளைப்பேறு. அவை அன்று ஒரு பெரிய நாகரிகத்தின் வாசற்கதவைத் திறந்துவிட்டன.

“அப்புறம் அந்தத் தம்பிக்கு உத்தியோகம் கிடைச்சுதா?” என்று கேட்டாள் அக்கா. தாய் அல்லவா?

கிடைத்தது. எகிப்திய ஆராய்ச்சிக்கென்று உலகத்திலேயே முதல் பேராசிரியர் பதவி 1831-இல் பாரிஸில் அவருக்குக் கொடுக்கப்பட்டது. மறு வருஷமே, நாற்பத்தொன்று வயதில், கண்ணை மூடிவிட்டார். இதை நான் மறைக்கவில்லை. அக்கா பெருமூச்சு விட்டாள். மகள் மட்டும் மெதுவாகக் கேட்டாள்: “சித்தி, பெண்கள் யாராவது இதைப் படிச்சு முன்னுக்கு வந்திருக்காங்களா?”

ஒரு பெண்மணியின் அகராதி

வந்திருக்கிறார்கள். 1944-இல் அமெரிக்காவில் பிறந்த ஜேனட் ஜான்சன் என்ற பெண்மணியின் கதையைச் சொன்னேன்.

இவர் சிக்காகோ சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, 1972-இல் அங்கேயே டாக்டர் பட்டமும் வாங்கினார். பொன்னும் மணியும் புதைந்த கல்லறைகளை அவர் தேடிப் போகவில்லை. யாரும் அதிகம் சீண்டாத டெமாட்டிக் எழுத்தை எடுத்துக்கொண்டார். பார்ப்பதற்கு எறும்பு ஊர்ந்த தடம் போல இருக்கும். அதில் வினைச்சொற்கள் எப்படி இயங்குகின்றன என்று ஆராய்ந்து 1976-இல் புத்தகம் வெளியிட்டார். பிறகு மாணவர்களுக்காக ஓர் இலக்கண நூலும் எழுதினார். 1983 முதல் 1989 வரை சிக்காகோவின் கீழைத்தேச ஆராய்ச்சி நிலையத்துக்கே அவர் தலைவியாக இருந்தார்.

ஆனால் அவருடைய பெரிய வேலை ஓர் அகராதி. 1970-களின் நடுவில் தொடங்கிய சிக்காகோ டெமாட்டிக் அகராதி 2012-இல்தான் முடிந்தது. கிட்டத்தட்ட நாற்பது வருஷம்! வேலை தொடங்கிய அன்று பிறந்த குழந்தைக்கு, அது முடியும்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்திருக்கலாம். முடிந்ததும் அதைப் பூட்டி வைக்கவில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் கணினி மூலம் எடுத்துப் படிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள்.

அதிலே என்ன இருக்கிறது? அரசர்களின் வீரப்பிரதாபம் அதிகம் இல்லை. சாமானிய ஜனங்களின் பேச்சு இருக்கிறது. ‘ஸூஸன்’ என்று வெள்ளைக்காரப் பெண்களுக்குப் பெயர் வைக்கிறார்களே, அது அல்லி மலருக்கு எகிப்தியர் வழங்கிய பெயரிலிருந்து எபிரேய மொழி வழியாக வந்தது. கருங்காலி மரத்துக்கு ஆங்கிலத்தில் ‘எபனி’ என்று பெயர். அதுவும் எகிப்தியச் சொல்தான்.

நம் வாசகிகளுக்கு இன்னும் சுவையான விஷயம் ஒன்று உண்டு. டெமாட்டிக்கில் எழுதிய விவாகப் பத்திரங்கள் பல கிடைத்திருக்கின்றன. ஜேனட் ஜான்சன் பழைய எகிப்தியப் பெண்களின் சட்ட உரிமைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மனைவிக்கு வருஷா வருஷம் இவ்வளவு தானியம், துணிமணிக்கு இவ்வளவு வெள்ளி என்று கணவன் எழுதிக் கொடுக்கிறான். அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வை, செம்புப் பாத்திரம், கண்ணாடி எல்லாவற்றையும் விலையோடு பட்டியல் போடுகிறார்கள். நம் ஊர்ச் சீர்வரிசைப் பட்டியலேதான்! அவன் விலக்கினாலும் சரி, அவளாகவே விலகிப் போனாலும் சரி, அந்தச் சாமான்களோ அவற்றின் விலையோ அவளுக்குச் சேர வேண்டும் என்று எழுதுகிறார்கள். பெண் தன் பெயரில் சொத்து வாங்கலாம், விற்கலாம், வழக்குத் தொடுக்கலாம்.

அதுவரை சும்மா கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் மாமியார் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏ தாயி, அந்தக் காலத்துலேயேவா? நான் கொண்டாந்த பித்தளை அண்டா எங்க போச்சுன்னு எனக்கே தெரியலையே!” என்றார். அக்கா சட்டென்று அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடலோரத்துப் பானை ஓடு

இனிமேல்தான் உறிக்கு வருகிறோம்.

1978-இல் ஜேனட் ஜான்சனும் அவர் கணவர் டொனால்டு விட்கோமும் எகிப்தில் செங்கடல் கரையிலுள்ள குஸேர் அல் காதிம் என்ற இடத்தில் அகழ்வாராய்ச்சி தொடங்கினார்கள். 1980-இலும் 1982-இலும் மீண்டும் தோண்டினார்கள். பழைய காலத்துத் துறைமுகம் அது. மணலிலிருந்து கிடைத்த பானை ஓடுகள் இரண்டில் எகிப்திய எழுத்தும் இல்லை, கிரேக்கமும் இல்லை. என்ன இருந்தது தெரியுமா? தமிழ்! பிராமி எழுத்தில் ‘கணன்’ என்றும் ‘சாதன்’ என்றும் இரண்டு பெயர்கள். சுமார் ஆயிரத்தெண்ணூறு, ஆயிரத்தொள்ளாயிரம் வருஷங்களுக்கு முன்னால் அங்கே போன இரண்டு தமிழர்கள்!

பின்னர் அதே இடத்தில் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் சர்வகலாசாலையார் 1999 முதல் 2003 வரை தோண்டினார்கள். அப்போது உடைந்த ஜாடி ஒன்று கிடைத்தது. அதன் இரு பக்கங்களிலும் ஒரே வாசகம். அதை ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். 2007-இல் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அந்த வாசகம்: ‘பானை ஒறி’. உறியில் தொங்கவிடும் பானை!

மூன்று பேருடைய கண்களும் ஒரே சமயத்தில் உத்தரத்தைப் பார்த்தன.

யோசித்துப் பாருங்கள். ‘ஒறி’ என்பதன் பொருள் மகாதேவனுக்கு எப்படிப் பிடிபட்டது? உறி என்ற சொல் நம் வீடுகளில் உயிரோடு இருந்ததனால் அல்லவா? ஷாம்போலியனுக்குத் தேவாலயத்துக் காப்டிக் எதுவோ, அதுவே இங்கே நம் அடுப்படித் தமிழ். அந்தச் சொல் வழக்கொழிந்து போயிருந்தால், செங்கடல் கரையில் ஓர் ஓடு கிடந்திருக்கும், அதன் மேல் சில கோடுகள் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

அதே செங்கடல் கரையில் தெற்கே பெரெனிகே என்ற இன்னொரு துறைமுகத்தில், இந்திய ஜாடி ஒன்றுக்குள் சுமார் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. ரசத்துக்குப் போடும் அதே மிளகு! நம் பெண்களின் சமையலறைச் சாமான்கள் கடல் தாண்டிப் போயிருக்கின்றன. அவற்றைப் பற்றிப் படித்துச் சொல்லத்தான் ஆட்கள் வேண்டியிருக்கிறார்கள்.

சோறு போடுமா?

“எல்லாம் சரி. சோறு போடுமா?” என்றாள் அக்கா. விடமாட்டாள்!

உள்ளதைச் சொல்லவேண்டும். எகிப்திய மொழியை முறையாகப் பயில சிக்காகோ, ஆக்ஸ்போர்டு போன்ற இடங்களுக்குத்தான் போகவேண்டும். ஆங்கிலத்தோடு ஜெர்மன், பிரெஞ்சு நூல்களையும் படிக்கத் தெரிய வேண்டும். வேலைகள் கொஞ்சம்; போட்டி அதிகம். உதவிச் சம்பளம் கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் கடன் வாங்கிப் போ என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் முதற்படி இங்கேயே இருக்கிறது. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் துறை உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை உண்டு. பிராமியைப் படிக்கப் பழகிய கண்ணுக்கு வேறு எழுத்துக்களும் வசப்படும்.

அதுவுமன்றி, மகாதேவன் தொழிலால் பேராசிரியர் அல்ல. 1954-இல் ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தில் சேர்ந்தவர். உத்தியோகம் பார்த்துக்கொண்டே 1961 முதல் குகை குகையாக ஏறி, தமிழ்க் கல்வெட்டுக்களைப் படியெடுத்தார். அந்த உழைப்பின் முழு விளைவான நூல் 2003-இல் வெளிவந்தது. 2018-இல் அவர் காலமானார். டீச்சர் வேலை பார்த்துக்கொண்டும் கல்வெட்டுப் படிக்கலாம். அப்பா சொல்வதும் மகள் சொல்வதும் ஒன்றுக்கொன்று பகை என்று யார் சொன்னது?

கரிசல் காட்டு இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனால் தம் வட்டாரத்து ஜனங்கள் பேசும் சொற்களைச் சேகரித்து 1982-இல் அகராதியாக வெளியிட்டார். பின்னால் புதுவைப் பல்கலைக்கழகமே அவரை அழைத்துப் பேராசிரியர் ஆக்கியது. சிக்காகோவில் நாற்பது வருஷம் நடந்ததும், கரிசல் காட்டில் அவர் செய்ததும் ஒரே ஜாதி வேலைதான். அது மறைந்த பேச்சைத் தேடியது. இது மறைவதற்கு முன் பிடித்து வைத்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“பாட்டி, உறியில பானை ஆடாம இருக்க அடியில ஒண்ணு வைப்பீங்களே, அது பேரு என்ன?”

“பிரிமணை.”

“தலையில குடம் வைக்க?”

“சும்மாடு. அதுகூடத் தெரியாதா?”

குலுக்கை, கொட்டான், சுளகு, மரக்கால், கமலை என்று சொற்கள் வந்துகொண்டே இருந்தன. எழுபது வருஷப் புழக்கம் அரை மணி நேரத்தில் நாலு பக்கம் ஆயிற்று. பாட்டிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அவரிடம் பாடம் கேட்க ஒருவர் வந்து எத்தனை காலம் ஆயிற்றோ!

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் நிச்சயம் இருக்கும். நாளை எந்தப் பானை ஓட்டைப் படிக்க எந்தச் சொல் தேவைப்படும் என்று இன்றைக்கு யாரால் சொல்ல முடியும்?

தஞ்சாவூருக்கு விண்ணப்பம் போடலாமா கூடாதா என்று அன்று முடிவாகவில்லை. அப்பா வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது:

“ஏய், குந்தாணியை விட்டுட்டீங்களே! அதையும் எழுதிக்கோ!”